ஐம்பத்தொன்றில் ஓர் இன்டர்வியூ

ஐயா, ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு நீ எடுத்து அனுப்பியிருக்கும் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன்மேல் கோபமும் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பாதியில் தளர்ந்துபோய் "சரி, வாரேன்" என்று சொல்லிவிடுவேன். நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது. அதனால்தான் காலையிலேயே சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். நடுவில் ஓரிடத்தில் உனக்கு என்மேல் பெரிய கோபம் வரும். அங்கேயே நிறுத்திவிடாமல் கடைசிவரை படித்துவிடு.

செல்லத்துரை அண்ணாச்சி பொங்கலோடு பிரஸ்ஸை மூடிவிட்டுத் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் வள்ளியூரில் அந்த ஒரே அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடைவிழா நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இந்த ஊரில் என் கைபடாத விசேஷம் குறைவு. பிரஸ் மூடிய செய்தியைச் சொன்னபோது உன் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. இனி நிம்மதியாக பெங்களூருக்கு வந்து எங்களோடு இரு என்றாய். மருமகள் தேன்மொழி உண்டாகி ஐந்தாம் மாதம் பிறந்ததும் அந்தப் பேச்சு தினமும் வந்தது. நல்ல மனதோடுதான் கூப்பிட்டாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு வேலை முடிந்துவிட்டது என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாய். உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்வது என்று இருந்தது என் தப்பு.

போன மாதம் உளுந்து வாங்கப் போனேன். நம்மூரிலும் ஒரு கிளை வைத்திருக்கிறார்களே, அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்கு. இப்போது மாவட்டத்தில் அவர்களுக்கு எட்டுக் கடைகள். பில் போடும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திருநெல்வேலியில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு கிராபிக் டிசைனர் வேண்டும், அனுபவம் அவசியம், தமிழ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். "விண்ணப்பிக்க கடைசி நாள்" என்ற வரியில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். எங்காவது வயது போட்டிருக்கிறதா என்று தேடினேன். போடவில்லை. வீட்டுக்கு வந்து உளுந்தை ஊறப் போட்டுவிட்டு, என் விவரங்களை ஒரு பக்கத்தில் அடித்து அனுப்பினேன். மூன்றாம் நாள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். உடனே உனக்குத்தான் போன் செய்தேன்.

நீ சிரித்தாய். கேலி செய்யவில்லை, வேடிக்கையாகத்தான் சிரித்தாய். "யம்மா, வெளாடாத. அங்கன எல்லாம் இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைய வருவாங்க. நீ போயி நடுவுல உக்காந்தா உன்னைய என்ன நெனைப்பாங்க? பிரஸ்ல டைப் அடிச்சதும் டிசைனும் ஒண்ணா?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. கடைசியாகக் கேட்டாயே ஒரு கேள்வி, அதுதான் வலித்தது. ஏனென்றால் அது என் வார்த்தை. உனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, படம் வரைவதெல்லாம் ஒரு வேலையா, நான் பிரஸ்ஸில் செய்கிறேனே இது ஒரு பிழைப்பா என்று உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னவள் நான். எந்த வேலையில் உன்னை வளர்த்தேனோ அந்த வேலையை மட்டமாக நினைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தேன். நீ நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாய்.

உனக்குக் கோபம் வரும் என்று நான் சொன்ன இடம் இதுதான், ஐயா. பிளஸ் டூ முடித்த வருடம் நீ சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாய். உன் அப்பாதான் கூடவே நின்று பூர்த்தி செய்து அனுப்பினார். கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற மனிதர், அதற்குள் உன் படங்கள் இரண்டை மடித்து வைத்துக்கொண்டு டிரைவரிடமும் டிக்கெட் பரிசோதகரிடமும் காட்டுவார். நுழைவுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை என்றுதான் இத்தனை வருடமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம், நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது சன்னல் வழியாக உள்ளே விழுந்து கிடந்தது. உன் பெயர், பக்கத்தில் உன் போட்டோ. அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் காகிதக் கழிவு போடும் சாக்கு இருக்கும். நாலாகக் கிழித்து அதில் போட்டேன்.

ஏன் செய்தேன் என்று காரணம் சொல்கிறேன். நியாயம் என்று சொல்லவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பெண் வீட்டார் வந்து பத்துப் பேர் பார்க்க என்னை நிற்க வைத்துப் பேசினார்கள். அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து, சரியான எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஐந்நூறு பத்திரிகையிலும் ஒட்டினேன். விரலெல்லாம் பசை. இந்த அவமானம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று அப்போது தோன்றியது. இன்ஜினீயரிங் படித்தால் யாரும் உன்னை நிற்க வைத்துப் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு தெரியாத்தனம் பார். உன் ஆபீஸில் உன்னை நிற்க வைத்துப் பேசிய கதைகளைத்தான் நீ இப்போது எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அதோடு முடியவில்லை. உன் அப்பா இரண்டு தடவை தபால் ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். மூன்றாம் நாள் தபால்காரர் சுடலைமுத்துவை நம் வாசலிலேயே மறித்துக்கொண்டு சத்தம் போட்டார். "வந்த எல்லாத்தையும் போட்டுட்டேன் அண்ணாச்சி. இருந்தாக் குடுக்காம நான் எங்கன கொண்டு போயிருவேன்?" என்று அந்த மனிதர் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுத் தபால் எதையும் சன்னலில் போடவில்லை. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொன்றையும் கையில் கொடுப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். நாலு வருடம் கழித்து உன் அப்பா போய்ச் சேர்ந்தார், தபால்காரர்மேல் இருந்த அந்தக் கசப்போடு. போன வாரம் ராதாபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சுடலைமுத்து அண்ணாச்சியைப் பார்த்தேன். ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "பையன் இப்ப படம் வரையுதானா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நீ எழுந்து நடந்துகொண்டிருப்பாய். நட. ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் படி. நீ சிரித்த பிறகும் நான் ஏன் அந்த இன்டர்வியூவுக்குப் போனேன் என்று உனக்கு இப்போது கொஞ்சமாவது புரியும். உன்னிடம் எதைப் பிழைப்பே இல்லை என்று சொன்னேனோ, அது பிழைப்புதான் என்று நான்தான் போய் நின்று காட்ட வேண்டும். வேறு யாரும் எனக்காகக் காட்டமாட்டார்கள்.

எட்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். ஒரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு பென் டிரைவ், தண்ணீர் பாட்டில். அலுவலகம் புதிய பஸ் நிலையத்தைத் தாண்டி, கீழே குடோனும் மேலே கண்ணாடி அறைகளுமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேக்கிங் வேலைக்கு ஆள் எடுப்பது பின் பக்கம், கேட் வழியாகப் போங்கம்மா என்றாள். டிசைனர் வேலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். பட்டியலில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவள் நம்பவில்லை. மேலே நாலு பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் சாத்தான்குளத்திலிருந்து வந்தவள், பெயர் ஜெனிபா. நகர்ந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, யாருக்குத் துணையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு நான்தான் துணை என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவளே காபி வாங்கிவந்து கொடுத்தாள்.

உள்ளே மூன்று பேர். விவரங்களைக் குறித்துக்கொள்ள ஒரு ஹெச்.ஆர். பெண், கேள்வி கேட்க மார்க்கெட்டிங் மேலாளர், ஓரத்தில் நாற்காலி போட்டு மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. மேலாளர் சென்னைக்காரர். உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே சட்டைக் கையைப் பாதிவரை மடித்து விட்டிருந்தார். வயதைக் கேட்டார். ஐம்பத்தொன்று என்றேன். எங்கள் டீமில் எல்லோரும் இளவயதுக்காரர்கள், உங்களுக்குச் சரிப்பட்டு வருமா என்றார். வேலையைக் கொடுத்துப் பாருங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு, சார் என்று திருத்திக்கொண்டேன். என்னென்ன மென்பொருள் தெரியும் என்றார். பேஜ்மேக்கரில் தொடங்கி, கோரல் டிராவில் பதினைந்து வருடம் ஓட்டி, நாற்பத்தாறு வயதில் வீடியோ பார்த்துப் பார்த்து இல்லஸ்ட்ரேட்டர் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். அந்த வருடம் நீ லீவுக்கு வந்தபோது, என்னம்மா எப்பப் பார்த்தாலும் போன் என்று அலுத்துக்கொண்டாய். பாட்டு கேட்கிறேன் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இணையத்தில் உங்கள் வேலைகளைப் பார்க்க லிங்க் இருக்கிறதா என்று கேட்டார். ஃபைலைத்தான் நீட்டினேன். பத்திரிகைகள், கொடை நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் வேகமாகப் புரட்டினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் வந்ததும் அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இதெல்லாம் டிசைன் இல்ல மேடம். டிடிபி, வெறும் டைப் அடிக்கிற வேலை" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும், ஐயா. சத்தம் போடவில்லை. ஃபைலில் அவர் நிறுத்தியிருந்த பக்கத்தில் விரலை வைத்தேன். "இது என் வீட்டுக்காரரு. காலைல ஆறு மணிக்குப் போனாரு. எட்டு மணிக்கு நான் பிரஸ்ல இருந்தேன். இந்த போட்டோவுல அவரைச் சுத்தி பதினோரு பேரு நின்னாங்க, யூனியன் கூட்டத்துல எடுத்தது. அத்தனை பேரையும் வெட்டி எடுத்துட்டு, அவரு முகத்த மட்டும் தெருமுனைல நிக்கிறவனுக்குத் தெரியுத மாதிரி கொண்டுவரணும். செத்தவரு பேரைத் தப்பாப் போட்டா மறுநாள் திருத்திக் குடுக்க முடியாது சார். இது டிசைன் இல்லன்னா, எது டிசைன்னு நீங்க சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்" என்றேன். அவர் சிரிப்பு போய்விட்டது. மன்னிக்கணும் மேடம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. யாரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான். மற்றவர்களோடு சேர்ந்து சோதனை எழுதச் சொன்னார்கள்.

சோதனை இரண்டு மணி நேரம். வார இறுதி ஆஃபர் நோட்டீஸ் ஒன்று செய்ய வேண்டும். ஒரே பக்கத்தில் இருபத்துநாலு சாமான்கள், எல்லாவற்றுக்கும் படம், பழைய விலை, புது விலை. மேலே பெரிதாக, மூன்று லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை இலவசம். அதற்கு ஒரு நிபந்தனை: பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் சர்க்கரை. அந்த வரியை அடியில், இருப்பதிலேயே சிறிய எழுத்தில் போட வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் என் விரலுக்குப் பழகிய தமிழ் டைப்ரைட்டர் எழுத்து வரிசை இல்லை. செட்டிங்ஸில் போய் நானே மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பையன் அதை ஆச்சரியமாகப் பார்த்தான். சாமான்களை விலைப்படி அடுக்காமல், சமைக்கிறவள் கை எந்த வரிசையில் எடுக்குமோ அந்த வரிசையில் அடுக்கினேன். அரிசி, பருப்பு, புளி, வற்றல், எண்ணெய், தாளிக்கிற சாமான். எல்லாம் முடிந்து, அந்த நிபந்தனை வரி மட்டும் பாக்கி.

போன தீபாவளிக்கு நம்மூர்க் கிளையில் வரிசையில் நின்றபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. அப்போதும் இதே மாதிரி எண்ணெய்க்குச் சர்க்கரை இலவசம். எனக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் நின்றார்கள். நோட்டீஸை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பில் போடும் பெண், உங்களுக்கு இந்த இலவசம் கிடையாது, நிபந்தனை இருக்கிறது என்றாள். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். அவள் நகத்தால் அடி வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் நோட்டீஸைத் தூரமாகப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடியும் தூரமாகப் பிடித்தார். பிறகு, "என் கண்ணுதாம்மா சரியில்ல" என்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சர்க்கரையைத் திரும்ப வைத்தார். அவர் மனைவி யாரையும் பார்க்கவில்லை. அந்த நோட்டீஸ் நான் செய்தது இல்லை. ஆனாலும் அந்தத் தொழிலைச் செய்கிறவள் என்ற முறையில் எனக்கு முகம் எரிந்தது. அந்த மாதிரி அடி வரிகளை இருபத்தாறு வருடத்தில் நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், சொன்னதைச் செய்தேன் என்று. இன்டர்வியூவில் அந்த வரியை எடுத்து, இலவசம் என்ற வரிக்கு நேர் கீழே, அதில் பாதி அளவில் வைத்தேன். யார் கண்ணுக்கும் தப்பாது.

உண்மையைச் சொல்கிறேன், ஜெனிபா செய்தது என்னுடையதைவிட அழகாக இருந்தது. அவளுக்கு நிறம் கைவந்திருக்கிறது. என்னுடையது எடுப்பாக இல்லை, ஆனால் படிக்கலாம். மேலாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். கண்டிஷனைச் சிறிதாகப் போடச் சொல்லியிருந்தோமே, கவனிக்கவில்லையா என்றார். கவனித்தேன், வேண்டுமென்றேதான் பெரிதாகப் போட்டேன் என்று சொல்லி, தீபாவளிக்கு நடந்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கஸ்டமரை உள்ள வர வைக்கிறதுதான் மேடம் நம்ம வேலை" என்றார்.

"உள்ள வந்தவரு தலையக் குனிஞ்சிட்டு வெளிய போனா, அடுத்த வாரம் வேற கடைக்குத்தான போவாரு" என்றேன்.

முதலாளி அப்போதுதான் மொபைலிலிருந்து தலையைத் தூக்கினார். எந்தக் கிளை என்று கேட்டார். வள்ளியூர் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தகவல் சொல்கிறோம் என்று ஹெச்.ஆர். பெண் அனுப்பிவைத்தாள்.

பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு டீ வாங்கினேன். குடிக்காமலே ஆறிப்போனது. நான் அழுதேன் என்று நினைக்காதே. சொன்னபடி சின்ன எழுத்தில் போட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும், வேலையை வாங்கிக்கொண்டு அப்புறம் பேசியிருக்கலாமே என்று ஒரு பக்கம் தோன்றியது. வீராப்பு காட்டி வேலையைக் கெடுத்துக்கொண்டேனோ என்று வள்ளியூர் வரும்வரை எனக்குள்ளேயே மல்லுக்கட்டினேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், துணிந்து பேசுகிறவர்களுக்குப் பயமே வராது என்று நீ நினைத்துவிடக் கூடாது.

நாலு நாள் கழித்து ஹெச்.ஆர். பெண் கூப்பிட்டாள். டிசைனர் வேலைக்கு ஜெனிபாவை எடுத்துவிட்டோம், உங்கள் தமிழ் நன்றாக இருப்பதால் பிழை பார்க்கிற வேலை தருகிறோம், அரை நாள் வந்தால் போதும் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை. அவசரப்படாதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். "யோசிச்சிட்டுத்தான் சொல்லுதேன்மா. பிழை பாக்குறது என் வேலைல ஒரு பங்கு. அது மட்டும் என் வேலை கிடையாது. டிசைனர்னு எழுதிக் குடுத்தா வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. அப்போதுதான் உன் டிக்கெட் வந்தது. பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, இரண்டு சேலையை மடித்தும் வைத்துவிட்டேன். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் முதலாளியே பேசினார். அந்த எண்ணெய் வாங்க வந்தவரைப் பற்றிச் சொன்னது நீங்கள்தானே என்று உறுதி செய்துகொண்டார். வள்ளியூர்க் கிளையில் விசாரித்திருக்கிறார். ஆஃபர் போடுகிற ஒவ்வொரு வாரமும் பில் போடுகிற இடத்தில் இப்படிச் சாமானைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், இத்தனை நாள் யாரும் அதைத் தன்னிடம் சொல்லவில்லை என்றார். இணையத்தில் போடுவதற்கெல்லாம் ஜெனிபா, அச்சடிக்கிற நோட்டீஸுக்கும் பாக்கெட்டுக்கும் நீங்கள், மூன்று மாதம் பார்ப்போம், டிசைனர் என்றே கடிதம் தருகிறேன் என்றார். அந்த நிபந்தனை எழுத்து என்ன அளவில் இருக்கும் என்று கேட்டேன். "நீங்க போட்ட அளவு ரொம்பக் கூடுதல். அதுல பாதி வச்சிக்கிடுங்க" என்றார். "பெரியவங்க கண்ணாடி இல்லாமப் படிக்கணும். அதுக்குக் கொறைய நான் போட மாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார். "வாங்கம்மா, வந்து சண்ட போடுங்க" என்றார்.

இதுதான் நடந்தது. மேலாளருக்கு இதில் முழு மனது இருக்காது, எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் போய்வா என்று சொல்லிவிடவும் கூடும். சொல்லட்டும். அதற்குப் பயந்து முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்துகொள்ள மாட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீயும் இப்போது ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறாய். உன் முன்னால் ஒருநாள் நரைத்த தலையோடு யாராவது ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டுவார்கள். கடைசிப் பக்கம்வரை பார். வேலை கொடுக்கிறாயோ இல்லையோ, பார்த்துவிட்டுச் சொல். இன்னொன்று, போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் மேஜையில் கரண்டு பில்லின் பின்பக்கத்தில் தேன்மொழி தூங்குகிற மாதிரி ஒரு படம் இருந்தது. நான் வந்ததும் நீ அதைத் திருப்பி வைத்தாய். என்னைப் பார்த்துத்தான் திருப்பினாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இனி திருப்பாதே. என்னைக் கோபித்துக்கொள், ஒரு மாதம் பேசாமல்கூட இரு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. பரவாயில்லைம்மா என்று எனக்காக ஒரு பொய் சொல்லாதே. அந்த ஹால் டிக்கெட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். வேலைக்குப் போவதற்குக் கேட்கமாட்டேன்.

தேன்மொழியிடம் வேலை விஷயத்தை மட்டும் நேற்றே போனில் சொல்லிவிட்டேன், உன்னிடம் நானே சொல்கிறேன் என்று. எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டாள். பிறகு, பிரசவத்துக்கு லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள் அத்தை, அதற்குத் தகுந்த மாதிரி என் அம்மாவை வரச் சொல்கிறேன் என்றாள். வேலைக்குப் போகிறவளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தெரியும். லீவு வாங்கிக்கொண்டு வருவேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், மருந்து அரைத்துக் கொடுப்பேன், லீவு முடிந்ததும் திரும்பிவிடுவேன்.

திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறு மணிவரை என்னைக் கூப்பிடாதே. வேலையில் இருப்பேன்.